இஸ்லிங்டன் பெண்ணின் காதல் பாட்டு: பழைய தாளை எப்படிப் படிப்பது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். 'ட்ரூ லவ் ரிக்வைட்டட்' என்ற 17-ஆம் நூற்றாண்டுக் காதல் பேலட் (கதைப்பாட்டு) அச்சிட்ட தாளின் படம் கிடைத்திருக்கிறது. எழுத்து பிடிபடவில்லை, வருடமும் இல்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: தலைப்புக்குக் கீழே பாருங்கள். 'இங்கிலாந்தின் வடபகுதி மெட்டு, அல்லது வீட்டில் எனக்கொரு நல்ல வயதான தாய் என்ற பாட்டின் மெட்டு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். இது பாடுவதற்காக அச்சிட்ட தாள். வாங்குகிறவர்களுக்கு மெட்டு முன்பே தெரியும், அதனால் பெயரைச் சொன்னாலே போதும். ஆகவே மனதுக்குள் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள்.

எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். தடித்த பிளாக் லெட்டர் அச்சில் 'எஸ்' பல இடங்களில் 'எஃப்' போலத் தெரியும். அது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 'இங்கிலீஷ் பிராட்சைடு பேலட் ஆர்க்கைவ்' இணையத்தில் இலவசம். அங்கே தாளின் படத்தோடு தெளிவான எழுத்து வடிவமும் இருக்கும், மெட்டு கிடைத்த பாட்டுகளுக்குப் பாடிய பதிவும் உண்டு.

வருடத்துக்குத் தாளின் அடியைப் பாருங்கள். 'பி. புரூக்ஸ்பி' என்ற பதிப்பாளர் பெயர் இருந்தால் 1670-களிலிருந்து 1690-களின் நடுப்பகுதிக்குள் வந்தது என்று கொள்ளலாம். மேலே உள்ள மரக்கட்டைப் படத்தை வைத்து மட்டும் காலம் சொல்லாதீர்கள். ஒரே அச்சுக்கட்டையைப் பல பாட்டுகளுக்குப் போட்டார்கள், அதனால் படத்தில் தெரியும் பெண் இந்தக் கதையின் நாயகியாகவே இருக்க வேண்டியதில்லை.

சரி, கதைக்கு வருவோம். பண்ணையார் மகன், லண்டனை அடுத்த இஸ்லிங்டன் ஊரில் பெயிலிஃபின் (ஊர் அதிகாரியின்) மகளை விரும்புகிறான். வீட்டார் அவனைத் தொழில் பழக லண்டனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஏழு வருடம் போகிறது. அவள் நல்ல உடையைக் களைந்து ஏழைக் கோலத்தில் நடந்தே புறப்படுகிறாள். வழியில் அவன் குதிரையில் வர, கடிவாளத்தைப் பிடித்து ஒரு பென்னி கேட்கிறாள். இஸ்லிங்டன்காரி என்று தெரிந்ததும் அவன் பெயிலிஃப் மகளை விசாரிக்கிறான். "அவள் இறந்து வெகுநாள் ஆயிற்று" என்கிறாள். குதிரையை விட்டுவிட்டுத் தூர தேசம் போகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் தன்னைக் காட்டிக்கொள்கிறாள். எனக்கு இதில் பிடித்தது அவளுடைய துணிச்சல். ஏழு வருடம் கழித்து அவன் மனதைச் சோதிக்கிற உரிமையை அவளே எடுத்துக்கொள்கிறாள்.

இன்னொன்று. இத்தகைய தாளின் வழக்கமான விலையும் ஒரு பென்னிதான். தெருவில் பாடி விற்றவர், அவள் பென்னி கேட்கும் இடம் வந்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த வரியை நீங்களும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.