புது இணைப்பின் வேகம் பத்து நாளில் சரியாகிவிடுமா?

கேள்வி: ஃபைபர் இணைப்பு வாங்கி மூன்று வாரம் ஆகிறது. 200 எம்பிபிஎஸ் திட்டம். காலை, இரவு எப்போது சோதித்தாலும் 40தான் வருகிறது. “லைன் செட்டாகப் பத்து நாள் ஆகும், சார்” என்று பொருத்த வந்தவர் சொன்னார். இன்னும் காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: ஒரு நாள்கூட வேண்டாம். அந்தப் பத்து நாள் கணக்கு, தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக வரும் டிஎஸ்எல் இணைப்புகளுக்கு உரியது. கம்பியின் நீளத்தையும் அதில் ஏறும் இரைச்சலையும் பொறுத்து, அறுந்துபோகாமல் தாங்கக்கூடிய வேகம் எது என்பதை எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவி சில நாட்களில் கண்டுகொள்ளும். கண்ணாடி இழைக்கு அத்தகைய பழகுகாலம் எதுவும் கிடையாது. இணைப்பு உயிர்பெற்ற அன்றைக்கே திட்டத்தின் வேகம் கிடைத்தாக வேண்டும்.

உங்கள் வேகம் ஏறி இறங்காமல் ஒரே அளவில் நிற்பதால், நிறுவனத்தின் பதிவில் உங்கள் கணக்குக்கு வேறு திட்டம் ஏற்றப்பட்டிருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். லேப்டாப்பை லேன் கம்பியால் ரவுட்டருடன் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். அப்போதும் 40 என்றால், உங்கள் கணக்கில் பதிவாகியுள்ள வேகம் என்னவென்று எழுத்து மூலம் கேளுங்கள். கம்பியில் 200 வந்தால் இணைப்பில் குறையில்லை. உங்கள் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் நிற்கக்கூடும், அப்படியானால் அதை 5க்கு மாற்றுங்கள்.

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். தெருமுனைப் பெட்டி வரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி. முதல் நாள் 58 வந்தது, நான்காம் நாள் 41. குறையும்போதெல்லாம் ரவுட்டரை அணைத்துப் போடுகிறேன்.
– வாசகி, லண்டன்

பதில்: அணைத்துப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். பத்து நாள் என்பது உங்களைப் போன்றோருக்குத்தான் பொருந்தும். பிரிட்டனில் தெருக் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனத்தின் கம்பிகளில் வேகத்தைக் கண்காணிக்கும் தானியங்கி முறை, இணைப்பு அடிக்கடி அறுவதைக் கண்டால் கம்பி பலவீனமாக இருப்பதாக முடிவுகட்டி வேகத்தை மேலும் குறைக்கும். அணைத்தது நீங்களா, அறுந்தது கம்பியா என்பதை அது எப்போதும் சரியாகப் பிரித்தறியும் என்று நம்பியிருக்க முடியாது. வீட்டின் முதன்மை சாக்கெட்டில் ரவுட்டரை நேரடியாகச் செருகி, பத்து நாள் தொடாமல் விடுங்கள். அதன் பிறகும் தேறவில்லை என்றால், ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச வேகத்தை எடுத்துப் பாருங்கள். பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வேக நெறிமுறையை ஏற்றுக்கொண்ட நிறுவனமாக இருந்து, வேகம் அதற்கும் கீழே போனால், 2019 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதிப்படி அவர்கள் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் அபராதமின்றி நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் படம் இறக்கும்போது 12 எம்பி என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை, திட்டத்தின் 100 மெகாபிட் கணக்கு, படம் இறங்கும்போது தெரியும் 12 மெகாபைட் கணக்கு; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5.

கேள்வி: வீட்டில் தனியாக இருக்கிறேன். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். “ஓடிபி சொல்லுங்கம்மா, வேலை முடிஞ்சதுன்னு போடணும்” என்றார் அந்தப் பையன், சொன்னேன். மாலையிலிருந்தே இணைப்பு விட்டுவிட்டு வருகிறது, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. புகார் கொடுத்தால், யாரும் வராமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. வேலையை முடிக்காமலே முடிந்ததாக உங்கள் வாயால் சொல்லவைத்திருக்கிறார்கள். இந்த ஓடிபி வழக்கத்தின் மீது எனக்கு நெடுநாளாகவே கோபம் உண்டு. வாடிக்கையாளரைக் காப்பதற்கென்று வந்த எண், இன்று பொருத்துபவரின் அன்றைய கணக்கை முடித்துக்கொடுக்கும் கருவியாகிவிட்டது. கம்பி வழியாக வேகத்தைச் சோதித்துக் காட்டி, இழையில் வந்து சேரும் ஒளியின் அளவை மீட்டரில் காட்டிய பிறகே அதைக் கேட்க வேண்டும். அந்த அளவு மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27க்கும் கீழே இறங்கினால் இணைப்பு தடுமாறும். மீட்டர் கையில் இல்லாமல் வருபவரிடம் யாரும் ஓடிபி சொல்ல வேண்டாம்.

எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால், போதிய ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை நுழையும் ஜன்னலைப் பாருங்கள். கதவிடுக்கில் அது நசுங்கியிருக்கலாம், அல்லது கிளிப் அடிக்கும்போது கூர்மையாக மடங்கியிருக்கலாம். நீங்களே நிமிர்த்த வேண்டாம். போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு புதிதாகப் புகார் பதிந்து அதன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தருவது அவர்கள் கடமை. மீண்டும் வெறுமனே முடித்துவைத்தால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதுங்கள், கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவுசெய்யுங்கள். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. ‘தீர்க்கப்பட்டது’ என்ற அந்தக் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். உங்கள் பக்கத்து வலுவான சாட்சி அவைதான்.

கேள்வி: 300 திட்டத்துக்கு மாறினேன். கம்பியில் சோதித்தாலும் 94க்கு மேல் போகவில்லை.
– வாசகர், கோவை

பதில்: ரவுட்டரின் துளையோ லேன் கம்பியோ 100 வரைதான் தாங்குகிறது. பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருந்த ரவுட்டர் ஒன்றை நானும் வாங்கினேன். இரண்டு வைஃபை அலைவரிசைகளின் உச்சத்தையும் கூட்டிப் போட்ட எண் அது. பின்புறத் துளைகள் நான்கும் 100ஐத் தாண்டாதவை. பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் 10/100/1000 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினேன். மாதம் பிறந்து இருபது நாள் நன்றாக ஓடுகிறது, பிறகு 2 எம்பிபிஎஸ்தான். லைன் இன்னும் செட்டாகவில்லையா?
– வாசகர், சேலம்

பதில்: லைனுக்கு ஒன்றுமில்லை. மாத டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் குறையும் என்று திட்ட விவரத்தில் எழுதியிருக்கும். ஒரு வருடப் பணத்தைக் கட்டுவதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைப் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்போதாவது படித்துவிட்டு, மீதமுள்ள மாதங்களுக்குப் பெரிய திட்டத்துக்கு மாற வேறுபாட்டுத் தொகை எவ்வளவு என்று கேளுங்கள்.