பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 23 வயது. தலைப்பிரசவம், 37 வாரம். உயரம் 4 அடி 8 அங்குலம். அக்காவுக்கு 2 நாள் வலி எடுத்தும் கடைசியில் சிசேரியன்தான். எனக்கும் அப்படித்தான் ஆகுமா? ஸ்கேனில் கொடி சுற்றியிருக்கிறது என்றார்கள். நெஞ்செரிச்சலும் உண்டு. விளக்கெண்ணெய் குடித்தால் சீக்கிரம் வலி வரும் என்கிறார் மாமியார். குடிக்கலாமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அக்காவுக்கு ஆனதுதான் உங்களுக்கும் ஆகும் என்று இல்லை. அந்த 2 நாள் கணக்கிலேயே குழப்பம் இருக்கிறது. தலைப்பிரசவத்தில் விட்டுவிட்டு வரும் ஆரம்ப வலி ஒரு நாளைத் தாண்டியும் நீளும். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் நாங்கள் மணி பார்க்க ஆரம்பிப்போம். அதிலிருந்து முழுதாகத் திறக்க 12 மணி நேரம் வரை, முக்கிப் பெற 3 மணி நேரம் வரை ஆகலாம். அதற்கு மேல் இழுத்தாலோ, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோதான் வேக்வம் (குழந்தையின் தலையில் கிண்ணம் பொருத்தி இழுத்து எடுப்பது), சிசேரியன் என்ற பேச்சு வரும்.

உங்கள் உயரம் 145 செ.மீ.க்குக் கீழே. இடுப்பெலும்பு குறுகலாக இருக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். குழந்தை பெரிதாக இருந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை இருந்தாலோ தலை இறங்கச் சிரமப்படும் வாய்ப்பு இன்னும் கூடும். ஆனால் தலை இறங்குமா, இறங்காதா என்பது வலி எடுத்த பிறகுதான் தெரியும். உங்களைவிடக் குள்ளமான பெண்கள் சுகப்பிரசவமாகி வீடு போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள், அது போதும்.

கொடி சுற்றுவது சர்வசாதாரணம். அதைப் பற்றி வரும் வீடியோக்களைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நெஞ்செரிச்சல் பிரசவமானதும் பெரும்பாலும் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வலியே இல்லாமல் பனிக்குட நீர் கசிந்தால் உடனே கிளம்புங்கள். "வலி வரட்டும், விடியட்டும்" என்று வீட்டில் உட்கார்ந்திருந்து, காய்ச்சலோடு வந்து சேரும் பெண்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. குடம் உடைந்த பின் நேரம் போகப் போகக் கிருமி உள்ளே ஏறும். சிறுநீரா, பனிக்குட நீரா என்று சந்தேகமா? சுத்தமான துணியை வைத்துக்கொண்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படித்தான்.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வாந்தியும் பேதியுமாகித் துவண்டுபோனால், முக்க வேண்டிய நேரத்தில் உடம்பில் தெம்பு இருக்காது. மருந்துக்கடையில் "வலி வர மாத்திரை" வாங்குவது அதைவிட மோசம், கர்ப்பப்பையே கிழிந்துபோகலாம். மாமியாரிடம் டாக்டர் கண்டித்துச் சொன்னார் என்றே சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் ஊரிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும். வீட்டுக்காரர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர் என்றால், அவர் இல்லாத இரவில் 108-ஐ யார் கூப்பிடுவது, உங்களோடு யார் வண்டியில் ஏறுவது என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.