மலைநடைக்குப் புதியவரா? கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள்

கேள்வி: தினமும் 6 கி.மீ. வேகமாக நடக்கிறேன். 8 கி.மீ. மலைப்பாதை எனக்குச் சுலபம்தானே?

எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் போட்டுக் கொடுத்த கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 8 கி.மீ. சமதரையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதில் 600 மீட்டர் ஏற்றம் இருந்தால் இரண்டரை மணியைத் தாண்டிவிடும். அதுவும் பழகிய ஆள் எங்கும் உட்காராமல் நடந்தால்தான். புதியவர்களுக்கு நான் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்வேன். ஆக, நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நடைகளுக்கு மொத்த ஏற்றம் 300 மீட்டருக்குள் இருக்கட்டும். கேட்கச் சின்னதாக இருக்கும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஏறத்தாழ 100 மாடி அது. அப்புறம், உச்சியின் உயரத்திலிருந்து புறப்படும் இடத்தின் உயரத்தைக் கழித்துவிட்டு ‘இவ்வளவுதானே’ என்று நினைக்காதீர்கள். நடுவில் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுகிற பாதை என்றால் அந்த ஏற்றமும் கணக்கில் சேரும்.

கேள்வி: ‘எளிது’ என்று போட்டிருந்த பாதையில் போய் நொந்துபோனேன். எதை நம்புவது?

வரைபடத்தை. ‘எளிது’ என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அளவுகோல் கிடையாது. எழுதியவருக்கு எளிது, அவ்வளவுதான். பள்ளியில் படித்த சம உயரக் கோடுகள் நினைவிருக்கிறதா? கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு குறைவு. 1:25,000 வரைபடத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 250 மீட்டர். கோடுகளுக்கிடையே 10 மீட்டர் உயரம் என்றால், பாதை 1 செ.மீ.க்குள் ஐந்து கோடுகளைத் தாண்டும்போது நீங்கள் 50 மீட்டர் ஏறியிருப்பீர்கள். பேசிக்கொண்டே நடக்கிறவரும் வாயை மூடிக்கொள்ளும் ஏற்றம் அது. மலைச்சரிவு செங்குத்தாக இருந்தாலும் பாதை வளைந்து வளைந்து போனால் பரவாயில்லை.

கேள்வி: ஏறி இறங்கிய அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏன்?

இறக்கம் செய்த வேலை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. பழகாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த வலி உடனே வராது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகவே அடங்கும்.

சுற்றுப்பாதையாக இருந்தால் செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்குங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலைச் சற்று மடக்கியே வைத்திருங்கள். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் ஷூ லேஸை இறுக்கிக் கட்டுவது முக்கியம். நான் புதிதாக நடக்கத் தொடங்கியபோது இதைச் செய்யாமல் கடகடவென்று இறங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் வழுக்கி, விரல் நுனி ஷூவில் இடித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் கட்டைவிரல் நகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. புது நகம் முளைக்கப் பல மாதம் ஆயிற்று.

கேள்வி: ஏழு வயதுக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. உச்சிதான் இலக்கு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடை, பாறை, குகை என்று வழியில் ஏதாவது இருக்கிற பாதை, எங்கிருந்தும் திரும்பிவிடக்கூடிய பாதை போதும்.

கேள்வி: கீழே நல்ல வெயில். மேலே போக ஸ்வெட்டர் எதற்கு?

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 600 மீட்டர் என்றால் ஏறத்தாழ 4 டிகிரி. இதோடு காற்று, வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை. அது லேசில் காயாது. உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே நடுக்கம் வந்துவிடும். இடி கேட்டால் உச்சியை மறந்துவிட்டு உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏற வேண்டாம்.

கேள்வி: உச்சிக்குப் போகாமல் பாதியில் திரும்பினால் கூட வந்தவர்கள் கேலி செய்வார்களே?

செய்யட்டும். புறப்படும் முன்பே எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நேரம் பேசிவையுங்கள். 12 மணி என்றால் 12 மணி, எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். மேலே போனபின் முடிவெடுத்தால் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்றுதான் மனசு சொல்லும். பகலிலேயே திரும்பிவிடுவோம் என்றாலும் பையில் ஒரு ஹெட் லைட்டும் ஒரு விசிலும் இருக்கட்டும். வழி தவறி உதவி தேவைப்பட்டால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். பதிலாக ஒரு நிமிடத்தில் மூன்று ஊதல் கேட்டால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்; அவர்கள் வந்து சேரும்வரை இருந்த இடத்திலேயே இருந்து ஊதிக்கொண்டிருங்கள்.