டொக்டர் மகனும் 1956உம்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகன் எம்.பி.பி.எஸ். படித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்து, அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்கிறான். அவுஸ்திரேலியாவுக்குப் போவதற்கான முதல் பரீட்சைக்குக் காசும் கட்டியாயிற்று. இப்போது திடீரென்று அரசியலில் இறங்கப்போகிறேன், மாகாண சபைக்குப் போட்டியிடப்போகிறேன் என்கிறான். கல்கத்தாவின் டொக்டர் பி. சி. ராயைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டு, அவரைப் போல வரவேண்டும் என்று நிற்கிறான். சம்பளம் போய்விடும், பேசிவைத்த சம்பந்தமும் குழம்பிவிடும் என்று அவன் அம்மா அழுகிறாள். நல்ல டொக்டர் நல்ல அரசியல்வாதியாக முடியுமா? உங்கள் எழுத்தில் அவனுக்கு மதிப்பு உண்டு. அவனுக்குப் புத்தி வருகிற மாதிரி நாலு வரி எழுதுங்கள்.

ஒரு தகப்பன்

அன்புள்ள தம்பி,

புத்தி யாருக்கு வரவேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம். இப்படியான கடிதங்களுக்கு வழமையாகத் தனியே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவேன். உங்கள் கடிதம் வந்த நேரம் நான் 1956ஆம் ஆண்டைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ராயின் பெயரைக் கண்டதும் விட முடியவில்லை.

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சம்பந்தத்தைப் பற்றி அதுவும் இல்லை.

அவுஸ்திரேலியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். 1945இல் இலவசக் கல்வி வந்த நாள் முதல் இந்த நாட்டுச் சனத்தின் காசில்தான் டொக்டர்மார் படித்து வெளியே வருகிறார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண் வாங்கும் சீனியிலும் மாவிலும் போகிற வரி அதற்குள் இருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொக்டர்மார் கூட்டமாக விமானம் ஏறினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வாழ வழி பார்த்துப் போனார்கள். ஆனால் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்கிற பிள்ளையைப் பிடித்துத் தள்ளுகிற தகப்பனை என்னவென்று சொல்வது? பிள்ளை நாட்டில் இருக்கப்போகிறான் என்பதற்காகவா ஒரு வீட்டில் அழுகிறீர்கள்?

சரி, ராய்.

பிதான் சந்திர ராய் 1882இல் பாட்னாவில் பிறந்தவர். கல்கத்தாவில் வைத்தியம் படித்து, 1909இல் இங்கிலாந்துக்குப் போய், இரண்டு வருடம் சொச்சத்தில் எம்.ஆர்.சி.பி., எஃப்.ஆர்.சி.எஸ். என்ற உயர் வைத்தியப் பட்டங்கள் இரண்டையும் முடித்துவிட்டு 1911இல் ஊர் திரும்பியவர். (திரும்பியவர், தம்பி.) 1923 தேர்தலில் மூத்த தேசியத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜி என்ற மலையையே தோற்கடித்தார். கல்கத்தாவின் மேயர், பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1948 முதல் 1962இல் சாகும்வரை மேற்கு வங்கத்தின் முதலமைச்சர். துர்காப்பூரும் கல்யாணியும் அவர் காலத்தில் எழுந்த நகரங்கள். முதலமைச்சரான பிறகும் காலையில் வீட்டில் இலவசமாக நோயாளிகளைப் பார்த்தார். பிறந்த ஜூலை 1ஆம் திகதியே இறந்தார். இந்தியாவில் அந்த நாளைத்தான் டொக்டர்கள் தினமாக வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மகன் வாசித்தது இவ்வளவும்தான் என்று நினைக்கிறேன். 1959ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். அரிசி கேட்டுக் கல்கத்தாத் தெருவில் இறங்கிய சனத்தைப் பொலிஸ் அடித்தது. 80 பேர் செத்தார்கள் என்பது அந்த உணவு இயக்கத்தினரின் கணக்கு. அப்போதும் முதலமைச்சர் இதே ராய்தான். காலையில் ஏழைகளின் நாடி பிடித்த கை என்பதால் மாலையில் குண்டாந்தடி இறங்காமல் இருக்கவில்லை. ஆகவே கருணையுள்ள டொக்டர் நல்ல தலைவராவார் என்கிற கதையை நான் நம்பமாட்டேன்.

சின்ன வயதில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. போத்தலில் சிவப்பு மருந்து, வேளைக்கு எவ்வளவு என்று காட்டப் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டிய கடதாசி. டொக்டர் கைராசிக்காரர். "என்ன வருத்தம், டொக்டர்?" என்று அம்மா கேட்டால், "மருந்தைக் குடிக்கச் சொல்லுங்கோ" என்பார். அவ்வளவுதான். பிறகு ஒருமுறை அவர் தேர்தலில் நின்றார். மேடையிலும் அதே குரல்: இது உங்களுக்கு நல்லது, இதற்கு வாக்குப் போடுங்கள். யாரோ எழும்பி ஏதோ கேட்டதற்கு, அடுத்த ஆள் வரட்டும் என்கிற மாதிரிக் கையைக் காட்டினார். கட்டுப்பணமும் போயிற்று. அடுத்த நாள் காலை டிஸ்பென்சரி வாசலில் வழக்கமான வரிசை. வாக்குப் போடாத அதே ஆட்கள்தான் போத்தலோடு நின்றார்கள். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு வர வர அது சிரிப்பாகத் தெரியவில்லை. அந்தச் சனம் சரியாகத்தான் பிரித்துப் பார்த்திருக்கிறது.

டொக்டர்மாருக்கு அரசியலில் உதவக்கூடிய பாடம் ஒன்றே ஒன்று: நோயாளி சம்மதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது. அதைத்தான் அவர்கள் முதலில் மறக்கிறார்கள். 1933இல் உண்ணாவிரதம் இருந்த காந்தி, ராய் கொடுத்த மருந்தை வேண்டாம் என்றாராம். என் நாட்டுச் சனம் முழுவதற்கும் இலவசமாக வைத்தியம் செய்கிறாயா, எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டாராம். ராய் விடாமல் வாதாட, மூன்றாந்தர வக்கீல் மாதிரிப் பேசுகிறாய் என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தாராம். பலர் சொல்லும் கதை. அவ்வளவு பெரிய டொக்டர் ஒரு நோயாளியிடம் கெஞ்சவேண்டி வந்தது என்பதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

இப்போது 1956. அந்த ஜனவரியில் ராயும் பீகார் முதலமைச்சர் ஸ்ரீ கிருஷ்ண சின்ஹாவும் சேர்ந்து, வங்கத்தையும் பீகாரையும் ஒரே மாநிலமாக்குவோம் என்று அறிவித்தார்கள். மொழிச் சண்டைக்கு அது மருந்து என்று ராய் மனதார நம்பினார். வங்காளிகள் கொதித்தெழுந்தார்கள். விஞ்ஞானி மேக்நாத் சாஹா இறந்ததால் வெற்றிடமான வடமேற்குக் கல்கத்தாத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. இணைப்பை எதிர்த்தவர் வென்றார், காங்கிரஸ் தோற்றது. ராய் திட்டத்தை வாபஸ் வாங்கினார். அவர் இருந்த உயரத்துக்கு ஒரு இடைத்தேர்தலைத் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. துர்காப்பூரைவிட இது பெரிய காரியம் என்பேன்.

அதே வருடம் ஜூன் 5, கொழும்பு. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் பாராளுமன்றத்தில். வெளியே காலி முகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சிக்காரர்களுக்கு அடி. நமக்கு ஒவ்வாது என்று நாம் சொன்ன மருந்தைப் பிடித்து வாயில் ஊற்றினார்கள்.

இங்கேயும் வாபஸ் வாங்கினார்களே என்று கேட்பீர்கள். தமிழருக்குச் சில உரிமைகள் தருவதாகப் பிரதமர் பண்டாரநாயக்க செல்வநாயகத்தோடு செய்த 1957 பண்டா – செல்வா ஒப்பந்தத்தை 1958 ஏப்ரலில், அவருடைய ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் பிக்குமார் வந்து உட்கார்ந்ததும் கிழித்தார்கள்தான். ஆனால் யாருக்கான மருந்து அது? நமக்கு. வேண்டாம் என்று கத்தியது யார்? பக்கத்துக் கட்டில்காரர். ராய் கேட்டது மருந்து குடிக்கப்போகிறவரின் மறுப்பை. பண்டாரநாயக்க கேட்டது வேறு ஆளின் மறுப்பை. சனம் எதிர்த்தது, தலைவர் பணிந்தார் என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை.

இடதுசாரி டொக்டர்மாரும் தப்பவில்லை. எஸ். ஏ. விக்கிரமசிங்க 1931இல் மொறவக்கையிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். 1934–35 மலேரியாவில் 80,000 பேர் வரையில் செத்தபோது இடதுசாரிகளின் சூரியமல் இயக்கக்காரர்களோடு கிராமங்களில் நின்றவர். காய்ச்சலுக்குப் பின்னால் இருந்தது பசி என்று கண்டு, அந்தத் தொண்டர்கள் மார்மைட் என்ற சத்துப் பசையைக் குளிகையாக உருட்டிக் கொடுத்தார்கள். அரசியலில் வைத்தியம் என்றால் எனக்கு அந்தக் குளிகைதான். 1956இல் அவருடைய கம்யூனிஸ்ட் கட்சி தனிச் சிங்களத்தை எதிர்த்து வாக்களித்தது. அதே கட்சி 1966 ஜனவரியில், தமிழுக்கு நிர்வாகத்தில் இடம் கொடுத்த தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்த ஊர்வலத்தில் போய் நின்றது. என்ன சொல்ல!

இன்னொன்று. உங்கள் மகனுக்குக் கல்கத்தா டொக்டரைத் தெரிகிறது. செல்வநாயகத்தோடு தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய டொக்டர் ஈ. எம். வி. நாகநாதனைத் தெரியுமா? 1956 முதல் 1970 வரை நல்லூர் எம்.பி. தெரியாது என்றால் குற்றம் அவன்மேல் இல்லை, வீட்டில் பேசவில்லை. அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

மகனை என்னிடம் அனுப்பத் தேவையில்லை. நாளைக்கு அவனுடைய வாட்டில் சிங்களம் தெரியாத ஒரு அம்மா சத்திரசிகிச்சைக்கு முன் கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். படிவம் எந்த மொழியில் இருக்கிறது, அதை யார் அவருக்குச் சொல்கிறார்கள், அல்லது கட்டிலைத் துடைக்க வந்த பிள்ளையைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்களா என்று பார்க்கட்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. அந்தப் படிவத்தை மாற்றப் பெரிய டொக்டரோடு முதலில் சண்டை பிடிக்கட்டும். மாகாண சபைத் தேர்தல் 2014க்குப் பிறகு நடக்கவும் இல்லை, அவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது.