அந்த 400 ரூபாய் எங்கே போனது?

கேள்வி: கார்பனுக்கு வரி, கார்பனுக்கு விலை என்று எல்லோரும் பேசுகிறார்கள். கடைசியில் கரண்ட் பில் ஏறி ஏழை தலையில்தானே விழும்? பணக்கார நாட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நிலக்கரியும் பெட்ரோலும் எரியும்போது வெளிவரும் கார்பனுக்குக் காசு வாங்குவது நமக்குப் புதுசே இல்லை. 2010 ஜூலையிலிருந்து, இங்கே வெட்டினாலும் வெளியிலிருந்து இறக்கினாலும், ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் மத்திய அரசு 50 ரூபாய் செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்றே போடும் வரி, வாங்கியது. அப்போது நிதியமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி பட்ஜெட்டில் கொண்டுவந்தது. 2014-ல் அது 100 ஆனது, அடுத்த வருடம் 200, 2016-ல் 400. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட 700 கிராம் நிலக்கரி எரிகிறது என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு 28 காசு. நீங்களும் நானும் கார்பனுக்கு விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம், நம்மிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, அந்தப் பணம் என்ன ஆனது? மாசில்லாத மின்சாரத்துக்கும் அதற்கான ஆராய்ச்சிக்கும் தருவதற்கென்றே தேசிய தூய எரிசக்தி நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 2017-18 வரை வசூலானது சுமார் 86,000 கோடி ரூபாய். அந்த நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிகூட இல்லை, அதிலும் திட்டங்களுக்குச் செலவானது சுமார் 16,000 கோடிதான். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாயை மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டத் திருப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வரி போட்டது சரியான காரியம், எதற்காக வாங்கினோம் என்பதை ஏழே வருடத்தில் மறந்தது பெரிய தப்பு.

2025 செப்டம்பரில் அந்த செஸ்ஸையும் எடுத்துவிட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். டன்னுக்கு இவ்வளவு என்றால் எரிக்கிற அளவுக்கு வரி. விலையில் இத்தனை சதவீதம் என்றால், சாம்பல் அதிகமுள்ள மட்டமான நிலக்கரிக்கு, விலை குறைவு என்பதாலேயே வரியும் குறைவு.

புதுத் தொழில்நுட்பத்தை வளர்க்க நம் அரசுக்குத் தெரியாமலும் இல்லை. எல்ஈடி பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஈஎஸ்எல் என்ற அரசு நிறுவனம் 2014-ல் மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பு 310 ரூபாய். கோடிக்கணக்கில் வாங்குவோம் என்று அரசே உறுதியாக நின்றதால் கம்பெனிகள் துணிந்து உற்பத்தியைக் கூட்டின, 2016-ல் விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது, அதுவும் மானியம் இல்லாமல். எங்கள் அடுக்களையில் 60 வாட் குண்டு பல்பு தொங்கிய அதே ஹோல்டரில் இப்போது 9 வாட்தான் எரிகிறது, வெளிச்சம் குறையவில்லை. வசூலான செஸ்ஸில் பாதியாவது பேட்டரிக்கும், கரி இல்லாமல் இரும்பு உருக்கும் வழிக்கும் இப்படிப் போயிருக்க வேண்டாமா?

அப்புறம் ஏழைகள். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் வழி இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008-ல் கார்பன் வரி போட்டபோதே வருமான வரியைக் குறைத்தது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பணமாகவும் கொடுத்தது. பிறகு கனடா அரசும் பல மாகாணங்களில் வரியைப் போட்டு, பெரும்பகுதியை மக்களின் வங்கிக் கணக்குக்கே திருப்பி அனுப்பியது. ஆனாலும் 2025 ஏப்ரலில் பொதுமக்கள் மீதான அந்த வரியை எடுக்க வேண்டியதாயிற்று. பெட்ரோல் பங்கில் ஏறிய விலை கண்ணில் பட்டது, கணக்கில் விழுந்த தொகை எதற்கு வந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. அதனால் நான் கேட்பது இதுதான்: நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் பில்லில், கார்பனுக்காக எடுத்தது இவ்வளவு, உங்களுக்குத் திருப்பித் தந்தது இவ்வளவு என்று இரண்டே லைன் அச்சடிக்கட்டும்.