வெளியிலிருந்து வீட்டு சர்வருக்குள் நுழைய முடியவில்லை

வீட்டு வைஃபையில் எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) ஒழுங்காகப் போகிறது, ரூட்டரில் அதற்கான வாசலான போர்ட் 22-ஐத் திறந்தும் ஆபீஸிலிருந்து 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்றே வருகிறது என்கிறீர்கள். சர்வரின் இயங்குதளமான உபுண்டுவை மறுபடி நிறுவ வேண்டாம். கோளாறு அநேகமாக அங்கே இல்லை.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வேன் ஐபி' (இணையத்தின் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது. 10 என்று தொடங்கினாலும் ஏறக்குறைய அதே கதைதான். அப்புறம் உங்கள் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை.

டெயில்ஸ்கேல் போட்டுவிடுங்கள்; உங்கள் கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் மென்பொருள் அது. சர்வர், லேப்டாப் இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் சர்வருக்குத் தனி முகவரி கிடைக்கும் (அதுவும் 100-இல்தான் தொடங்கும், குழம்பாதீர்கள்). எஸ்எஸ்எச்சை அந்த முகவரிக்கே விடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டெயில்ஸ்கேல் அந்தக் கணினிக்குத் தரும் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகிவிடும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அது நடந்தால் சர்வர் கைக்கு எட்டாது. டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் சர்வருக்கு மட்டும் 'கீ எக்ஸ்பைரி'யை நிறுத்திவையுங்கள்.

திறந்துவைத்த போர்ட் 22-ஐ மூடிவிடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் கேட்டுக்கொண்டு நிறுவுவது நல்லது.