"உலையில் என் மகளுக்கு என்ன வேலை?" என்று கேட்ட சேலத்து அப்பாவுக்கு

ஐயா, வணக்கம். மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து முனைவர் பட்ட ஆய்வுக்கு மாத உதவித்தொகை தரும் ஜே.ஆர்.எஃப். தகுதியும் வாங்கிவிட்டார். மருந்து, பாலிமர் என்று போகாமல், தாதுக்கள் உயர் வெப்பத்தில் சிதைவது, உலோக ஆக்சைடு ஒடுக்கம் (ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்குவது), அவற்றின் வினைவேகவியல் (வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்ற கணக்கு) என்று ஒரு ஆய்வுத் தலைப்போடு வந்து நிற்கிறார். உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. புரிகிறது.

சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்திருப்பீர்கள். வெந்த கல்லில் தண்ணீர் ஊற்றினால் சூடேறிப் பொடியாகப் பூக்கும். சில கல் முழுதாகப் பூக்காது; நடுவில் வேகாத கல் அப்படியே மிஞ்சும். கல் வெளியிலிருந்து உள்நோக்கி வேகிறது. வெப்பம் உள்ளே போகவேண்டும், கரியமில வாயு வெளியே வரவேண்டும். இதில் எது இழுத்துப் பிடிக்கிறது, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் ஆகும், கல் எந்த அளவில் இருக்கவேண்டும் என்று கணக்காகச் சொல்வதுதான் மகள் படிக்கப்போவது.

உலை வாயில் நிற்கும் வேலை இல்லை. சுமார் 10 மில்லிகிராம் பொடியைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, நிமிடத்துக்கு இத்தனை டிகிரி என்று சூடேற்ற, எடை குறைவதைக் கருவி பதிந்துகொண்டே போகும். சுத்தமான சுண்ணாம்புக்கல் என்றால் கடைசியில் 5.6 மில்லிகிராம் நிற்கும். மிச்சம் வாயுவாகப் போயிருக்கும்.

வேலைக்கு வருவோம். உங்கள் ஊர் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டைச் சுட்டுத்தான் உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கல் செய்கிறார்கள். அரியலூர் சிமென்ட் ஆலைகளில் நடப்பதும் சுண்ணாம்புக்கல் சிதைவுதான். ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகம், புவனேஸ்வரத்தில் உள்ள கனிம ஆய்வு நிறுவனம், எஃகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகள் என்று வழி இருக்கிறது. இடங்கள் குறைவு, உண்மைதான். ஆனால் இப்போது இந்தத் துறையே புரண்டுகொண்டிருக்கிறது. சுவீடனின் லூலியோவில் 2020-இல் ஒரு முன்னோடி ஆலை தொடங்கி, கரிக்குப் பதில் ஹைட்ரஜனால் இரும்புத் தாதுவை ஒடுக்கினார்கள். அடுத்த ஆண்டே அந்த இரும்பிலிருந்து எஃகு வந்தது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு தாதுவை ஒடுக்கும்போது வெப்பம் வெளிவரும். ஹைட்ரஜன் வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே பழைய உலைக் கணக்கு அப்படியே செல்லாது, புதிதாகப் போடவேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

பணத்துக்குக் கவலை வேண்டாம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000; வீட்டு வாடகைப்படி தனி.

என் பயம் வேறு. ஒரே வேகத்தில் சூடேற்றி, எடை குறைவதைக் காட்டும் ஒற்றை வளைகோட்டைக் கணினியில் பொருத்தி, ஒரு கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்டவேண்டிய ஆற்றல் தடை) எண்ணைப் போட்டுக் கட்டுரை எழுதிவிடலாம். ஒரே வளைகோட்டுக்கு நாலைந்து சமன்பாடுகள் பொருந்தும், ஒவ்வொன்றும் வேறு எண் தரும். அப்படி வாங்கும் பட்டத்தை வைத்து ஆலைக்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாது. பல வேகங்களில் சூடேற்றிப் பார்ப்பார்களா? பொடியோடு நிற்காமல் கட்டித் தாதுவையும் குழாய் உலையில் வைத்துச் சோதிப்பார்களா? கருவி அங்கேயே இருக்கிறதா, வெளியே அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டுமா? இதையெல்லாம் நெறியாளரிடம் மகளே நேரில் கேட்கட்டும்.

கூடவே நீங்களும் ஒருநாள் போய்வாருங்கள். அந்த ஆய்வகத்தில் முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்குள்ள மாணவர்களிடம் விசாரியுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் தலைப்பை விடவேண்டாம், வேறு நெறியாளரைத் தேடுவோம்.